சுளகில் சரிந்த மாவு

எனக்குக் காது குத்துவதற்காகத்தான் அம்மா தன் தம்பியை ஊரிலேயே நிறுத்திவைத்தாள். எங்கள் எழுமலைப் பக்கம் அப்போது பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவே கிடையாது. மாமாவுக்குக் காஷ்மீரில், பனிமலை உச்சியில் காவல் வேலை. எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம் லீவில் வந்திருந்தார். தை முடிவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்றார். குலசாமி கோயிலில் மாசிச் சிவராத்திரிக்குத்தான் காதுகுத்து என்றாள் அம்மா.

"தையில பனி இறுகிக் கெடக்கும்க்கா, நடந்து ஏறிரலாம். மாசி வெயிலு பட்டுட்டா நம்ப முடியாது."

"பஞ்சாங்கம் பாத்தாடா எளகுது ஒம் பனி? தாய்மாமன் மடியில்லாம எம் மகளுக்குக் காது குத்துறதா?"

மாமா தை வெள்ளி மாவிளக்குக்கு இடித்து வைத்திருந்த மாவைச் சுளகில் பரப்பித் தட்டி இறுக்கினார். அதன்மேல் சீனியைத் தூவி, மறுபடியும் மாவைப் போட்டு மூடினார்.

"மேல பாத்தா ஒரே வெள்ளை. உள்ள இப்பிடி ஒட்டாமக் கெடக்குறது தெரியாதுக்கா. ஒரு ஆளு மிதிச்சாப் போதும்."

சுளகைச் சாய்த்து விரலால் ஒரு தட்டுத் தட்டினார். மேல்மாவு அப்படியே பாளமாக நழுவி என் மடியில் கொட்டியது. நான் கைதட்டி, இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். சாமிக்கு வைத்த மாவைப் பாழாக்கிவிட்டோம் என்று எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டே அம்மா சுளகைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு அன்று மாவுதான் பெரிதாகத் தெரிந்தது.

லீவை நீட்டச் சொல்லித் தந்தி போனது. சிவராத்திரிக்கு மாமா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டேன். அவர் வாங்கிவந்த தங்கத் தோடு காதில் ஏறியது. முறை செய்வதென்றால் இப்படியல்லவா செய்ய வேண்டும் என்று சொந்தபந்தமெல்லாம் கறிச்சோற்றைத் தின்றபடி மெச்சியது. மாமா ரயிலேறினார்.

பங்குனி பிறந்த கையோடு சேதி வந்தது. காவலிடத்துக்கு ஏறும்போது பனி சரிந்து மூடிவிட்டதாம். உடல்கூடக் கிடைக்கவில்லை. மெச்சிய அதே வாய்கள் விதி என்றன. விதிக்கென்ன, யார் எதைத் தூக்கிப் போட்டாலும் சுமக்கும்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். புண் ஆறாத காதிலிருந்து தோட்டைப் பிடித்து இழுத்தாள். ரத்தம் வழிய நான் வீறிட்டேன்.

"மாமன் மேல புள்ளைக்கு எம்புட்டுப் பாசம் பாருங்க" என்று பெண்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள். எனக்குக் காதுவலியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அம்மாவுக்கு ஏன் என்மேல் இவ்வளவு கோபம் என்று யோசித்தேன். ஒரே ஒரு தப்புதான் நினைவுக்கு வந்தது.

"இனிமே மாவக் கொட்ட மாட்டேம்மா" என்று கதறினேன்.