உலை ஆறிய ஆயுத பூஜை

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே ஒரு சிறிய இரும்புக் கம்பி ஆலையில் எண்ணெய் உலையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரும்புக் கட்டைகள் அதற்குள் போய்ப் பழுத்து வரும். அப்புறம்தான் கம்பியாக நீளும். ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவின் சிலிபின் பகுதிக்குக் குடிவந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது.

அந்த உலையை அணைக்கவே மாட்டோம். அணைத்துவிட்டு மறுபடி சூடேற்றினால் எண்ணெயைக் குடித்துத் தள்ளும், உள்ளே செங்கலும் விரிசல் விடும். ஆயுத பூஜை அன்று ஆலையில் எல்லா இயந்திரத்துக்கும் ஓய்வு உண்டு, உலைக்கு மட்டும் கிடையாது. அதன் மேல் சந்தனம் வைத்தால் நொடியில் பொரிந்து உதிர்ந்துவிடும். அதனால் பக்கத்துச் சுவிட்சுப் பெட்டிக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, உலையைப் பார்த்துக் கும்பிடுவோம். சாமியை விட்டுவிட்டு வாசல் கதவுக்கு அர்ச்சனை செய்வது போலத்தான். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

சீன முதலாளி, எங்கள் வாயில் தௌக்கே, ஒருநாள் தேநீர் வேளையில் எல்லாரையும் கூப்பிட்டார். இரும்பு ஆலைகள் விடும் கரிப்புகைக்கு அரசாங்கம் வரி, எங்கள் பேச்சில் சுக்காய், போடப்போகிறது. அதைக் கட்டிக்கொண்டு பழைய உலையை ஓட்டினால் கட்டுப்படியாகாது. மின்சார உலை வருகிறது என்றார். என்னைத் தனியாக அழைத்து, புதியதைக் கற்றுக்கொள், முடியாவிட்டால் கிடங்குக்குப் போய் லாரியில் கம்பி ஏற்று என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குதித்தேன்.

"புகைக்கும் சுக்காய் போடுறானுங்களாம் லா! மூச்சு விடறதுக்கு எப்ப போடுவானுங்க? நான் கிடங்குக்கே போறேன். அந்தக் கரண்டு பெட்டியத் தொட மாட்டேன்."

"ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் ஓடுனா நீங்க ஏன் கத்துறீங்க?"

"பில் வருது லா."

"புகைக்கு இத்தன நாளா பில் வரல. அதான் யாரும் கத்தல."

எங்கள் புகைபோக்கி கக்கியதை நான் ஒருநாளும் என்னுடையதாக நினைத்ததில்லை. மேலே ஏறிவிட்டால் அது யாருடையதும் இல்லை. வெயில் வரவர ஆளைக் கொல்கிறது என்று தினமும் புலம்புவேன். அதில் என் கைங்கரியமும் உண்டு என்று தோன்றியதே இல்லை. வரி என்ற பேச்சு வந்த பிறகுதான் புகைக்கு ஒரு சொந்தக்காரன் வந்தான்.

நியாயம் புரிந்தும் மனம் இறங்கவில்லை. உண்மையில் எனக்கு இருந்தது கோபமே இல்லை, பயம். இந்த வயதில் ஒரு கணினித் திரைக்கு முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்க வேண்டுமே என்ற பயம்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முன்பே மின்சார உலை வந்து இறங்கியது, பழைய உலையை அணைத்துவிட்டார்கள். முதல்முறையாக அதன் வயிற்றில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அப்பினேன். பொரியவில்லை, ஈரத்தோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூட வேலை செய்பவன் குங்குமத் தட்டோடு வந்து, "அண்ணே, புதுசுக்கும் பொட்டு வைக்கலாமா?" என்றான்.

"நீயே வை" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் மனைவி பொரியும் கடலையும் கொண்டுவந்து வைத்தாள்.

"நாளைக்கு விஜயதசமி. நம்ம பையன அரிசியில எழுத வச்சப்ப எப்படிக் கத்துனான், ஞாபகம் இருக்கா? நீங்கதான் விரலைப் புடிச்சு எழுத வச்சீங்க. நாளைக்குப் புது உலையக் கத்துக்கப் போங்க. நாளைக்கும் போலன்னா அப்புறம் நீங்க போவே மாட்டீங்க."

போனேன். புது உலையின் திரைக்கு முன்னால், கற்றுக்கொடுக்க வந்த இளம் சீன இஞ்சினியர் நின்றிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. குனிந்து பாதுகாப்புப் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"அங்கிள்! காசுட்! காசுட்!" என்று மலாயில் பூட்ஸைச் சொல்லி, அவர் என் காலைக் காட்டிப் பதறினார்.

இன்று எங்களுக்குப் படிப்புத் தொடங்கும் நாள், செருப்புக் காலோடு தொடங்க மாட்டோம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். முதலில் கும்பிட்டுக்கொள்ளுங்கள், பிறகு பூட்ஸைப் போடுங்கள், அதற்கப்புறம் பொத்தானைத் தொடலாம் என்றார்.

தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூட்ஸை மாட்டினேன். பொத்தானுக்கு நேரே விரலைக் கொண்டுபோய்ப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. விரலைப் பிடித்து மெல்ல அழுத்த வைத்தார்.