மூன்றாவது தடவை கூப்பிட்டபோது

போன வியாழக்கிழமை எங்கள் நீதவான் கோட்டில், கடலோடு போய்விட்ட ஒரு பையனின் பெயரைக் கூப்பிட்டார்கள். ‘ஓம்’ என்று பதில் வந்தது.

சிரிக்காதீர்கள். பேய்க்கதை எழுதிப் பத்தியை நிரப்புகிற அளவுக்குப் பஞ்சம் எனக்கு இன்னும் வரவில்லை.

என் வேலை உங்களில் பலருக்குத் தெரியும். சிறுவர் வழக்குகளுக்கு எல்லாரையும் ஒன்றுசேர்ப்பது — பிள்ளை, தாய் தகப்பன், பொலிஸ், டொக்டர். ஒருவர் வராவிட்டாலும் ஏச்சு எனக்குத்தான். பெரிய ஆட்களின் வழக்கைப்போல, பிள்ளைகளின் பெயரை வெளியே நின்று கத்தக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. நானே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவேன். ஆனால் பியோன் கந்தையா அண்ணைக்கு வாய் சும்மா இருக்காதே! விறாந்தையில் நின்று மூன்று தடவை கூப்பிட்டால்தான் அவருக்குக் கோட் கோட்டாக இருக்கும்.

கடலோடு போன அந்தப் பையன் றபீக், கிண்ணியா ஊரவன். சீனன்குடாவில் போகக்கூடாத இடத்துக்குள் புகுந்து செப்புக்கம்பி எடுத்த வழக்கு. மாதம் ஒருமுறை வந்து முகம் காட்டு என்று நீதவான் விட்டிருந்தார். வாடைக் காலத்தில் மாமனோடு வள்ளத்தில் போனவன் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் மரணப் பத்திரமும் இல்லை. அதனால் வழக்கு மட்டும் உயிரோடு இருந்தது.

வழக்கின் அடுத்த தவணை நாளில், விஷயம் தெரியாத கந்தையா அண்ணை வழக்கம்போலக் கத்தினார். நான் பதறிப்போய்த் தடுக்க ஓடினேன். பின்னால் றபீக்கின் தாய் ஜெமீலா நின்றாள்.

“கூப்பிட விடுங்க மிஸ். அவன் போயிட்டானெண்டு ஊட்டுல கத்தம் ஓதி முடிச்சிட்டாங்க. இனி அவன்ட பேர ஒருத்தரும் சொல்றல்ல. நான் வேற எங்க போய்க் கேக்குற?”

அதன்பிறகு ஒவ்வொரு தவணைக்கும் வருவாள். விறாந்தை வாங்கில் உட்கார்ந்து, மகனின் பெயரை மூன்று தடவை கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடப்பாள். எந்தச் சட்டத்தில் இருக்கிறது இது? தெரியாது. தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வியாழன் புதிய நீதவான். “மரணப் பத்திரம் தேவையில்லை, பொலிஸ் அறிக்கை காணும். இண்டைக்குக் கடைசியாக் கூப்பிடுங்கோ. வராட்டி வழக்கை மூடுவம்,” என்றார். ஜெமீலா முக்காட்டை இறுக்கிப் பிடித்தாள்.

கந்தையா அண்ணை கூப்பிட்டார். ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை... துறைமுகப் பக்கக் காற்றுக்கூட நின்றுவிட்டது. மூன்றாவது —

“ஓம்.”

விறாந்தையின் அந்தக் கடைசித் தொங்கலில் இருந்து. ஒரு பையனின் குரல். பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது சொல்வதுபோல, அவசரமில்லாமல்.

பொலிஸ்காரர் ஓடிப்போய்ப் பார்த்தார். யாருமில்லை. அன்று தவணைக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் அறைக்குள் என் பக்கத்தில்தான் இருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவையும் எண்ணினேன்.

கிளாக்கர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்: “ஐயா, வந்தவர் எண்டு எழுதவோ, வரேல்லை எண்டு எழுதவோ?”

நீதவான் தண்ணீர் குடித்தார். “அடுத்த மாதத்துக்குப் போடுங்கோ.” சட்டம் படித்தவர்கள் பயந்தால் தவணை கொடுப்பார்கள் என்பதை அன்றுதான் கண்டேன்.

நான் ஜெமீலாவிடம் ஓடினேன். “கேட்டீங்களே ராத்தா? வழக்கை மூடேல்லை!”

அவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை.

“அது றபீக்குட குரல் இல்ல மிஸ்,” என்றாள் மெதுவாக. “வேற யாருட புள்ளயோ. கூப்பிட ஆளில்லாம அங்கின நிண்டிருக்கும். எந்தப் பேரெண்டாலும் பரவாயில்லயெண்டு ஓம் சொல்லியிருக்கு.”

தாயும் வராமல் தகப்பனும் வராமல் அதே தொங்கலில் தனியே நின்ற பிள்ளைகள்... எத்தனை பேரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்திருக்கிறேன்? அவர்கள் பிறகு எங்கே போனார்கள்?

கந்தையா அண்ணை அடுத்த தவணைக்கு லீவு போட்டுவிட்டார். பெயர் கூப்பிடப் போவது நான்தான்.

றபீக்கின் பெயரை மட்டும் கூப்பிட்டால் போதுமா?