ஒன்றரை அடி வேப்பங்கன்றுகள்

1. குச்சி

2008-ல் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் ஒரு தனியார் நர்சரியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். விவசாய டிப்ளமோ படித்தவன் என்ற கர்வம் எனக்கு நிறைய இருந்தது. முதல் நாளே முதலாளி என் கையில் ஒன்றரை அடி மூங்கில் குச்சியைக் கொடுத்தார்.

“கலியபெருமாளு, படிச்சதெல்லாம் ஒரு பக்கம் வையி. வாங்குற எடத்துலேர்ந்து ஆபீசர் வந்தா கன்னு பக்கத்துல இந்தக் குச்சிய நிறுத்திப் பாப்பாரு. தாண்டுனா பாஸ். தாண்டலன்னா கழிவு. அவ்வளவுதான் நர்சரி.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

2. யூரியா

பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு டிரஸ்ட், தன் மணல் நிலத்தில் நடுவதற்கு இருநூறு வேப்பங்கன்று கேட்டிருந்தது. அதன் ஆபீசர் பார்வையிட வர மூன்று வாரம்தான் இருந்தது. பாதிக் கன்றுகளுக்கு மேல் குச்சிக்கு நாலு விரல் கீழே நின்றன.

“யூரியாவ தண்ணியில கரைச்சி நாள் விட்டு நாள் ஊத்து. கொஞ்சம் ஜாஸ்தியாவே போடு.”

“தழை கொழுக்குங்க, வேர் எறங்காது. நட்டப்பறம் வெயில் தாங்காது.”

“வேர தோண்டியா பாக்கப் போறாங்க? ஒசரம் வேணும்யா!”

ஊற்றினேன். முதலாளி வாளியைத் தொடவே இல்லை, ஊற்றிய கை என்னுடையதுதான். யூரியா தருகிற தழைச்சத்து குறைந்தால் கன்று வெளுத்துக் குன்றிப்போகும், உண்மைதான். மிஞ்சினால் இலை பெருத்து, வேர் பின்தங்கிவிடும். அத்தனை இலைக்கும் வேண்டிய தண்ணீரை அந்த வேரால் இழுத்துத் தர முடியாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

அனுப்புவதற்கு ஒரு மாதம் முன்பே தண்ணீரைக் குறைத்துக் கன்றை வெயிலுக்குப் பழக்க வேண்டும். அதற்கும் நேரம் இல்லை. கடைசிப் பாத்தி மட்டும் எப்படியும் தேறாது என்று யூரியா ஊற்றாமல் விட்டேன். ஆபீசர் வந்தார். கருகருவென்று நின்ற இலைகளைத் தடவிப் பார்த்து, “சூப்பர்” என்றார்.

3. கழிவு

லாரியில் பைகள் சாயாமலிருக்க, ஓரங்களில் கழிவுக் கன்றுகளை முட்டுக்கொடுத்து ஏற்றுவது வழக்கம். இறக்கியதும் தூக்கி எறிந்துவிடுவோம். அன்று கடைசிப் பாத்திக் கன்றுகள் முப்பதை அப்படி ஏற்றிப் போனோம்.

டிரஸ்ட் நிலத்தில் தண்ணீர் ஊற்ற அஞ்சலை என்பவரை வைத்திருந்தார்கள். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். கன்றுகள் ஒரு வருஷம் பிழைத்தால் தோட்ட வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

“இதையும் உசுருன்னுதான சார் வளத்தீங்க? ஓரமா நான் நட்டுக்கட்டுமா?” என்று அந்த முப்பதையும் வாங்கி, வேலியோரம் நட்டார்.

மழை கார்த்திகையோடு நின்றுவிட்டது. அஞ்சலை கைப்பம்பில் அடித்துக் குடம் குடமாகச் சுமந்தார். மாசி முடிவதற்குள் இருநூறில் பெரும்பாலானவை காய்ந்துவிட்டன. வேலியோரத்துக் கழிவு மட்டும் பச்சையாக நின்றது.

முதலாளிக்கு அது போதும். பார்க்க வந்த ஆபீசர் முன்னால் வைத்தே அஞ்சலையைக் கேட்டார்: “ஒன் செடி மட்டும் எப்பிடிம்மா பொழைச்சிது? தண்ணிய எல்லாம் அதுக்கே ஊத்திக்கிட்டியா?”

“எல்லாத்துக்கும் ஒண்ணாத்தான் சார் ஊத்துனேன். எம் புள்ளைங்க மேல சத்தியம்.”

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். “சூப்பர்வைசர், நீங்க என்ன சொல்றீங்க?”

அவர்கள் வருவதற்கு முன்பே செத்த கன்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்திருந்தேன். முக்கால் அடி கூட வேர் இல்லை. பை மண்ணைத் தாண்டவே இல்லை. முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியல சார்” என்றேன்.

அன்று சாயங்காலமே அஞ்சலையை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அடுத்த மாதம் சிதம்பரம் கிளையில் பெரிய பொறுப்பு கிடைத்தது. வெட்கமில்லாமல் போய்ச் சேர்ந்தேன்.

4. பரங்கிப்பேட்டை

புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது நான்தான் வகுப்பு எடுக்கிறேன். கன்றின் உயரத்தைப் பார்க்காதீர்கள், பையைக் கிழித்து வேரைப் பாருங்கள் என்கிறேன். தலையாட்டுகிறார்கள். அஞ்சலையைப் பற்றி அவர்களிடம் சொன்னதில்லை.

2012-ல் மனசு கேட்காமல் அவரைத் தேடிப் போனேன். மீன் இறங்கும் இடத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். யூரியா ஊற்றியது, வேரைப் பார்த்தது, தெரியாது என்றது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். கன்றுகள் தண்ணீர் ஊற்றாததால் சாகவில்லை, உங்கள் மேல் தப்பே இல்லை என்றேன்.

அஞ்சலை கருவாட்டைத் திருப்பிப் போடுவதை நிறுத்தவில்லை.

“நான் தண்ணி ஊத்துனது எனக்குத்தான் தெரியுமே சார். தெரியாதவங்ககிட்டதான நீங்க அன்னிக்கி சொல்லியிருக்கணும்?”