மாமனுக்கு ஆகாத பல்

தேத்தண்ணியில் ஊறிப் பொதபொதவென்று உப்பிய ரொட்டியைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசும். பதினாலு வயதில் என் முன்பற்களுக்குக் கம்பி போட்டார்கள். மாதம் ஒருமுறை பதுளை கிளினிக்கில் அதை முறுக்குவார்கள். பிறகு இரண்டு நாளைக்கு எதையும் கடிக்க முடியாது. என்னைக் கூட்டிப் போனவர் அம்மாவின் தம்பி. தேயிலை ஃபெக்டரியில் வேலை. எனக்காக லீவு கேட்டு மாதாமாதம் தோட்டத்துத் துரையிடம் ஏச்சு வாங்குவார்.

குழந்தையில் எனக்கு மேல்பல்தான் முதலில் முளைத்ததாம். அப்படி முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். அது விழுந்து முளைத்த பல்லும் வெளியே துருத்திக்கொண்டு வந்ததும் லயத்து வீடுகளில் பேச்சுக் கூடிப்போனது. "மாமனத் திங்கிற பல்லு" என்று குழாயடியில் என் காதுபடவே சொன்னார்கள். வாயை மூடவே முடியாத நான் யாரைத் தின்பது? சிரிப்பு வந்தால் கையால் பொத்திக்கொள்வேன்.

கம்பி போட்ட ஐந்தாம் மாதம் மாமா ஃபெக்டரிப் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அத்தை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அந்தப் பல்ல நோண்ட நோண்டத்தான் அவருக்கு இப்புடி ஆகுது. கம்பியக் கழட்டச் சொல்லுங்க அண்ணி."

அம்மா வாயைத் திறக்கவில்லை. அதற்காக அவளை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை. பாதியில் கழற்றினால் பல் பழைய இடத்துக்கே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கழற்றாவிட்டால் மாமா செத்துப்போவாரோ என்று எனக்குப் பயம். கிளினிக் நாளன்று போர்வைக்குள் அழுதுகொண்டு கிடந்தேன். வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

"எந்திரிடி, பஸ்ஸு போயிரும்."

"வேணாம் மாமா. என் பல்லு ஒங்களத் தின்னுரும்."

"தின்னட்டும். மொதல்ல நேராக்கிட்டுத் தின்னச் சொல்லு. கோணப்பல்லால கடிச்சா ரொம்ப வலிக்கும்ல?"

பதுளை பஸ்ஸில் ஹாலிஎல ஊர் வரைக்கும் கட்டுப்போட்ட காலோடு நின்றுகொண்டே வந்தார். ஒருத்தனும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. இப்போது நினைத்தாலும் அந்தப் பஸ்ஸைக் கொளுத்தத் தோன்றுகிறது. கம்பியை முறுக்கியபின் கடையில் ரொட்டி வாங்கி, தேத்தண்ணியில் பிய்த்துப் போட்டுத் தந்தார். தன் ரொட்டியையும் அப்படியே ஊறவைத்தார். எதற்கு என்று கேட்டேன்.

"எனக்குந்தான்டி பல்லு வலிக்குது."

கரும்பைக் கடித்து உரிக்கிற பல் அவருக்கு. பொய் என்று எனக்குத் தெரியும். கம்பி கழற்றுகிற நாள்வரை ஒவ்வொரு மாதமும் இரண்டு கோப்பையிலும் ரொட்டி ஊறியது.

இப்போது என் பல் வரிசையாக இருக்கிறது. வாயைப் பொத்தாமல் சிரிக்கிறேன், பொத்தாமல் சண்டையும் போடுகிறேன். மாமாவுக்கு அறுபத்தைந்து வயது. என் பல் அவரை ஒன்றும் செய்யவில்லை. வெற்றிலைதான் அவர் பல்லைத் தின்றுவிட்டது. போன ஞாயிறு அத்தை சுட்ட ரொட்டியைப் பிய்த்து அவர் தேத்தண்ணியில் போட்டேன். என்னுடையதையும் என் கோப்பையில் போட்டேன்.

"ஒனக்கென்னடி வந்துச்சு? கம்பி போட்டு நிமித்துன பல்லு. கடிச்சுத் தின்னு."

"எனக்குந்தான் பல்லு வலிக்குது மாமா" என்றேன்.