காக்காய்க்கு வைக்காத சோறு

மண் சரிந்து லயத்து வீடுகள் புதைந்த தேயிலைத் தோட்டத்தில், தப்பியவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். பதுளையில் எங்கள் கடையிலிருந்து அவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோவேன். அங்கேதான் அவரைப் பார்த்தேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைகள். யாரோ கொடுத்த தொளதொள சட்டை. மடியில் ஒரு ஜேம் போத்தல், அது நிறையச் செம்மண், மண்ணுக்குள் எறும்புகள்.

பார்சலைப் பிரித்ததும் முதல் பருக்கைகளைப் போத்தலுக்குள் போடுவார். எறும்புகள் அவற்றை உள்ளே இழுத்துப்போகும்வரை வாயில் ஒரு கவளம் வைக்கமாட்டார். மனிதருக்கே போதாத சோறு எறும்புக்கா என்று எனக்கு எரிச்சலாக வரும். அவருடைய மனைவியின் உடல் கிடைக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. மண்ணைத் தோண்டித் தேடிய பெக்கோ இயந்திரங்கள் திரும்பிப் போய்விட்டிருந்தன.

இறந்தவர்களுக்கு ஒன்றாகக் கருமாதி செய்த அன்று, எல்லோரும் முற்றத்தில் படையல் வைத்துக் காக்காயைக் கூப்பிட்டார்கள். அவர் மட்டும் வகுப்பறையில் போத்தலோடு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க காக்காய்க்கு வைக்கலியாண்ணே?" என்றேன்.

"காக்கா மேலயே தின்னுட்டு மேலயே பறந்துருதுங்க மொதலாளி. அவ கீழல்ல கெடக்கா. இது எங்க வாசல் மண்ணு. பெக்கோக்காரங்க தோண்டுறத நிறுத்திட்டாங்க. இதுக இன்னும் நிறுத்தலீங்க."

ஒரு பருக்கை எறும்புகளோடு மெல்ல இறங்கி, போத்தலின் அடிக் கண்ணாடியில் முட்டி நின்றது. அதற்குக் கீழே வழியில்லை. அதை அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு, இன்னொரு பருக்கையைப் போட்டார்.