மழைக்கு நீட்டிய கை

இந்தியாவுக்கே போய்விடுவதென்று புறப்பட்ட சித்தப்பா குடும்பத்தை வழியனுப்ப, தெஹியோவிட்டத் தோட்டத்திலிருந்து லொறியில் கூடப் போனேன். அதில்தான் ஒரு அம்மாவைப் பார்த்தேன். அவரும் கப்பலேறப் போகிறவர். ரப்பர் பால் கறை ஏறிக் கறுத்த விரல்கள், வெற்றிலை போட்ட வாய்.

பொல்கஹவெலயில், கப்பல்துறைக்குப் போகும் ரயில் ஏறுவதாகத் திட்டம். ருவன்வெல்லைக்கு முன்னாலேயே ஆறு பெருகி ரோட்டுக்கு வந்துவிட்டது. டிரைவர் லொறியைத் திருப்பினார். "அவிசாவளப் பக்கமா கொழும்புக்கே போயி, அங்கன ரயில புடிச்சிருவோம்" என்றார். எல்லோருக்கும் போன உயிர் வந்தது. அந்த அம்மா மட்டும் லொறியை மூடியிருந்த படங்கை விலக்கி, உள்ளங்கையை மழையில் நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ரப்பர் தோட்டத்தில் விடியும்போது எல்லோரும் வாசலில் நின்று அப்படித்தான் பார்ப்போம். மரம் நனைந்தால் அன்றைக்குப் பால்வெட்டு கிடையாது.

பயந்துவிட்டார் என்று நினைத்து, "கவலப்படாதீங்கம்மா, மழ விட்டுரும்" என்றேன்.

"விட வேணாம் தம்பி" என்று சிரித்தார். "மழ பேஞ்சா வீட்டுலயே இருந்துக்கலாம்னு இத்தன வருஷமா பழகிப்போச்சு."



கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலும் அடைமழைதான். ரயில் அதன் நேரத்துக்கே கிளம்பியது. சித்தப்பாவுக்குக் கையசைத்தபோது, அடுத்த ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. விடைபெறுகிறாராக்கும் என்று அதற்கும் அசைத்தேன். அந்தக் கை அசையவில்லை. உள்ளங்கையை வானத்துக்குக் காட்டியபடியே போனது.