கிணற்றடிக் கீரை

பாலேஸ்வரியை எங்கள் பக்கத்தில் வாய்க்காரி என்கிறார்கள். பத்தொன்பது வருடமாக அவள் வாயைத் திறக்காமல் சமைத்துக்கொண்டிருந்ததை இவர்கள் சுகமாக மறந்துவிட்டார்கள்.

உடுவிலில் எங்கள் குறுகலான ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு முன்பள்ளி இருக்கிறது. இருபத்திமூன்று பிள்ளைகள். அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு சமைப்பவள் பாலேஸ்வரி. வயது ஐம்பத்தாறு. அதற்கு முன்னர் தோட்டங்களில் புல்லுப் பிடுங்கக் கூலிக்குப் போனவள். என் தம்பி தியாகலிங்கத்தின் தோட்டத்திலும் நின்றிருக்கிறாள். ஆகவே எந்த வீட்டில் எத்தனை பாத்தி என்பது அவளுக்குத் தெரியும்.

இங்கே தோட்டம் செய்கிற வீடுகளில் அநேகமாக இரண்டு பாத்தி உண்டு. தோட்டத்தில் கிடப்பது சந்தைக்கு. கிணற்றடியில் கிடப்பது வீட்டுக்கு. சந்தைப் பாத்திக்கு மருந்து அடிப்பார்கள். இலையில் ஓட்டை இருந்தால் வியாபாரி தொடமாட்டான். கிணற்றடிப் பாத்திக்குச் சாம்பலும் சாணமும் மட்டும். இதை யாரும் ஒளிப்பதில்லை, பேசுவதுமில்லை. நானும் அறுபது வருடம் கிணற்றடிக் கீரையைத் தின்றுகொண்டு பேசாமல் இருந்தவள்தான்.

தம்பி எங்கள் அம்மாவின் பெயரில் முன்பள்ளிக்குக் கிழமையில் இரண்டு நாள் கீரை கொடுத்துவந்தான். உபயம். வாசல் கரும்பலகையில் அம்மாவின் பெயரும் அவன் பெயரும் எழுதியிருக்கும். கோயில் திருவிழா உபயத்தைப் போலத்தான் சனம் இதையும் எடுத்துக்கொண்டது. உபயகாரரைக் குறை சொல்ல ஒருவரும் துணியமாட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை பாலேஸ்வரி ஒரு கட்டு முளைக்கீரையை என் குசினி மேசையில் வைத்து மணந்து பார்க்கச் சொன்னாள். மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் மூன்று தரம் கழுவியதாம். முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள் நான். பூச்சிமருந்து குடித்தவர்களின் உடுப்பைக் கழற்றி, உடம்பைக் கழுவிய வார்டில் மட்டும் பதினொரு வருடம். அந்த மணத்தை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

போன கிழமை நாலு பிள்ளைகள் சாப்பிட்டதைச் சத்தி எடுத்ததாகவும் சொன்னாள். கீரையால்தான் என்று நான் சொல்லவில்லை. இரத்தம் எடுத்துப் பார்க்காமல் அப்படிச் சொல்வது என் பழக்கமில்லை. ஆனால் அந்தக் கட்டைக் குழி வெட்டிப் புதைத்தேன். அன்று பின்னேரமே தம்பியிடம் போய்க் கேட்டேன். பூச்சி தின்ற இலையை அம்மாவின் பெயரில் கொடுத்தால் சனம் காறித் துப்பாதா என்று அவன் என்னையே திருப்பிக் கேட்டான். உபயம் என்றால் ஓட்டை இல்லாமல் இருக்கவேண்டுமாம். அதை அவன் உண்மையாகவே நம்பினான். அதனால் எனக்குக் கோபம் குறையவில்லை, கூடியது.

அந்தச் சனிக்கிழமை சனசமூக நிலையத்தில் வீட்டுத்தோட்ட வகுப்பு. விவசாயப் போதனாசிரியை நிவேதனா வந்திருந்தா. உரப் பையில் கத்தரி வைப்பது, வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளிப்பது, மருந்தடித்தால் எத்தனை நாள் கழித்து வெட்டலாம் என்பதைப் போத்தலில் வாசிப்பது எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, ஏதும் கேள்வி உண்டா என்றா. முன்பள்ளிக் குழுத் தலைவர் என்று தம்பி முன்வரிசையில் இருந்தான். பாலேஸ்வரி பின்னாலிருந்து எழும்பினாள்.

"மிஸ், ஒரு வீட்டிலை ரெண்டு பாத்தி கிடந்தால், பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு எதிலை வெட்டிக் குடுக்கிறது?"

இரண்டொருவர் சிரித்தார்கள். தம்பி திரும்பிப் பார்த்தான்.

"உபயம் குடுக்கிறவனைக் கோட்டுக் கூண்டிலை ஏத்திறியோ?"

"இல்லை, அண்ணை. கிணத்தடிப் பாத்தியிலை வெட்டித் தாங்கோ எண்டுதான் கேக்கிறன்."

"அது வீட்டுக்கு."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவனுக்குக் கேட்டது. சிரித்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டிலும் இரண்டு பாத்திதான். மற்றப் பாத்திக்கு எப்போது மருந்தடித்தது என்று நிவேதனா மெதுவாகக் கேட்டா. வியாழக்கிழமை வழக்கமாக அடிப்பதாம். வெட்டுவது திங்களும் புதனும். அது போதாது, பத்து நாளாவது விடவேண்டும் என்றா.

தம்பி எழும்பிவிட்டான். "இனிக் கீரை வராது. உன்ரை வாயை அவிச்சுக் குடு பிள்ளையளுக்கு."

கரும்பலகையில் இருக்கும் அம்மாவின் பெயரை நானே போய் அழிப்பேன் என்று எழும்பிச் சொன்னேன். அக்கா நீங்களுமோ என்றான். நானும்தான் என்றேன்.

வெளியே பெண்கள் பாலேஸ்வரியைப் பிடித்துக்கொண்டார்கள். சும்மா கிடைத்ததையும் கெடுத்துவிட்டாளாம். சமையல்காரி சமையலைப் பார்க்கவேண்டுமாம். திட்டியவர்களில் மூன்று பேரின் பிள்ளைகள் அந்தச் சோற்றைத்தான் தின்கிறார்கள். கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. பாலேஸ்வரி சைக்கிளை எடுத்தாள்.

திங்கட்கிழமை பிள்ளைகளுக்குச் சோறும் பருப்பும் மட்டும். கூட்டிப்போக வந்த தாய்மாருக்கெல்லாம், நாளைக்கு வீட்டுப் பாத்தியில் ஒரு பிடி கீரை வெட்டிவரும்படி பாலேஸ்வரி சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பேர் கொண்டுவந்தார்கள். வாசல் படலையில் நின்று ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"இண்டைக்கு உங்கடை வீட்டிலையும் இதுதானோ கறி?"

ஏழு பேர் ஓம் என்றார்கள். இரண்டு பேர் கட்டோடு திரும்பிப் போனார்கள். ஒருத்தி அரை மணித்தியாலத்தில் வேறு கீரையோடு வந்தாள். மற்றவள் வரவில்லை. அவள் வீட்டுக் கிணற்றடிப் பாத்தி ஒழுங்கையில் நின்றாலே தெரியும், அவ்வளவு செழிப்பு. அன்று அவளுடைய மகனும் மற்றவர்கள் கொண்டுவந்த கீரையைத்தான் சாப்பிட்டான்.